மீண்டும் களத்தில்

நுழையுமுன்

தேர்வு, விடுமுறை, நோய், காயம் எனப் பல காரணங்களால் நாம் விளையாட்டை விட்டுச் சில காலம் விலகியிருக்கிறோம். பின்னர் ஆர்வத்தோடு திரும்புகிறோம். திரும்பும் முதற்சில வாரங்களில்தான் காயங்கள் எளிதில் நேர்கின்றன. அதன் காரணத்தையும், அதனைத் தவிர்க்கும் முறைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மாணவியின் முதல் வாரம்

கோடை விடுமுறை முடிந்து, தமிழ்நாடு விரைவு வண்டி புது தில்லி நிலையத்தை வந்தடைகிறது. பெட்டிகளோடு இறங்கும் ஒரு குடும்பத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். பாட்டியின் ஊரில் 50 நாள்களை அவள் இன்பமாகக் கழித்தாள். நுங்கும் மாம்பழமும் உண்டாள். வெயிலுக்கு அஞ்சிப் பகலெல்லாம் வீட்டினுள் இருந்தாள். மாலையில் திண்ணையில் அமர்ந்து கதை கேட்டாள். சென்ற ஆண்டு பள்ளியின் கோ-கோ அணியில் மிக விரைவாக ஓடியவள் அவளே. இன்னும் 12 நாள்களில் இவ்வாண்டுக்கான அணித்தேர்வு நடைபெற உள்ளது.

மறுநாள் காலையிலேயே அவள் களத்திற்குச் செல்கிறாள். மார்ச்சு மாதத்தில் எவ்வளவு ஓடினாளோ அவ்வளவும் ஓடுகிறாள். முதல் நாள் ஒன்றும் நேரவில்லை. இரண்டாம் நாள் தொடைகள் கனக்கின்றன. நான்காம் நாள் வலது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நோவு தோன்றுகிறது. ‘சொன்னால் தேர்வில் என் பெயர் விட்டுப்போகுமே’ என்று அஞ்சி, அவள் அதனை யாரிடமும் கூறவில்லை.

இம்மாணவி நம் பாடத்திற்காகக் கற்பனை செய்யப்பட்டவள். எனினும், இவளைப் போன்றோர் எல்லாப் பள்ளிகளிலும் உள்ளனர். ஒருவேளை, இதனைப் படிக்கும் நீங்களும் ஒரு முறை இவளைப்போல நடந்திருக்கக்கூடும். அவள் செய்த பிழை யாது? அவள் சோம்பியிருக்கவில்லை, முயற்சியே செய்தாள். ஆனால், மார்ச்சு மாதத்து உடலைக்கொண்டு ஓடுவதாக எண்ணி, ஜூலை மாதத்து உடலைக்கொண்டு ஓடினாள்.

ஓய்வில் உடல் அடையும் மாற்றம்

பயிற்சி செய்யுந்தோறும் உடல் அப்பயிற்சிக்கு ஏற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்கிறது. பயிற்சி நின்றதும், தேவையற்ற செலவைக் குறைக்கும் குடும்பத்தலைவியைப் போல, அவ்வலுவை மெல்லக் குறைத்துக்கொள்கிறது. இதில் உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே விரைவில் மாறுவதில்லை. இதுவே நாம் அறியவேண்டிய முதன்மையான செய்தி.

நெடுநேரம் ஓடும் ஆற்றல் முதலில் குறைகிறது. பயிற்சியை நிறுத்திய இரண்டு வாரங்களுக்குள்ளேயே குருதியின் நீர்மப் பகுதி குறைந்து, அதே தொலைவை ஓட இதயம் மிகுதியாகத் துடிக்க வேண்டியதாகிறது. தசையின் வலிமை இன்னும் சில வாரங்கள் நிலைத்திருந்து, பின்னர் குறைகிறது. வெப்பத்தைத் தாங்கும் பழக்கமும் சில வாரங்களில் மறைந்துவிடும்.

திரும்பி வரும்போது என்ன நிகழ்கிறது? மூச்சும் இதயமும் விரைவில் பழைய நிலையை நெருங்குகின்றன. தசைகளும் சில வாரங்களில் தேறுகின்றன. ஆனால், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அவ்வாறன்று. அதற்குக் குருதியோட்டம் குறைவு. ஆதலால், அது மெல்லவே வலுப்பெறும். அதற்குப் பல வாரங்கள், சிலபோது மாதங்கள், தேவைப்படுகின்றன. எலும்பும் அத்தகையதே.

இவையனைத்தையும் விட விரைந்து திரும்புவது மனம். முன்பு எவ்வாறு ஓடினோம், எவ்வாறு திரும்பினோம், எவ்வாறு தாவினோம் என்பதனை மனம் மறப்பதில்லை. விரையும் மனத்திற்கும் பின்தங்கும் தசைநாணுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் காயங்கள் பிறக்கின்றன. ‘மூச்சு வாங்கவில்லை, எனவே உடல் ஆயத்தமாகிவிட்டது’ என்று எண்ணுவது தவறு. மூச்சு ஆயத்தமானபின்னும் முழங்கால் ஆயத்தமாகாதிருக்கலாம்.

2011இல் நிகழ்ந்தது

இவ்வுண்மையை அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. 2011ஆம் ஆண்டில் அந்நாட்டின் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணிகளின் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையே ஒப்பந்தம் பற்றிய பூசல் எழுந்தது. மார்ச்சு முதல் ஜூலை வரை நான்கு மாதங்களுக்கும் மேலாக அணிகளின் பயிற்சிக்கூடங்கள் வீரர்களுக்கு மூடப்பட்டன. அணியின் பயிற்றுநரோடும் மருத்துவரோடும் சேர்ந்து வழக்கமாகச் செய்யும் முன்பயிற்சியை அவர்கள் இழந்தனர். பூசல் தீர்ந்ததும் உடனே கடும்பயிற்சி முகாம்கள் தொடங்கின.

முதல் 12 நாள்களில் 10 வீரர்களுக்குக் குதிகாலின் பின்புறமுள்ள பெரிய தசைநாண் அறுந்தது. அடுத்த 17 நாள்களில் மேலும் இருவருக்கு அவ்வாறே நேர்ந்தது. வழக்கமாக ஓராண்டு முழுவதும் நேரும் எண்ணிக்கையை விட இது மிகுதி. போதிய முன்பயிற்சியின்றி விரைந்து களமிறங்கியது இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று இதனை ஆராய்ந்த அறிஞர்கள் எழுதினர்.

அவ்வீரர்கள் உடல்வலிமையில் குறைந்தவர் அல்லர். உலகின் மிக வலிமையான விளையாட்டு வீரர்களுள் சிலர். அவர்களுடைய தசைநாண்களுக்கே நாள்கள் தேவைப்பட்டன எனில், நம் தசைநாண்களுக்கும் தேவைப்படும் அன்றோ?

வளரும் உடல்

பெரியோருக்கு இல்லாத ஒரு நிலை மாணவர்களாகிய உங்களுக்கு உண்டு. நீங்கள் வளர்ந்துகொண்டிருக்கிறீர்கள். பெண்கள் பெரும்பாலும் 11 வயது முதல் 13 வயது வரையிலும், ஆண்கள் 13 வயது முதல் 15 வயது வரையிலும் மிக விரைவாக உயரம் பெறுகின்றனர். இரண்டு மாத விடுமுறையில்கூட உயரம் மாறியிருக்கும். ஏப்ரலில் பொருந்திய காலணி ஜூலையில் விரலை நெருக்குவது அதனால்தான்.

எலும்புகள் நீளும்போது, அவற்றைப் பற்றியிருக்கும் தசைகளும் தசைநாண்களும் சிறிது காலம் இறுக்கமாக இருக்கும். கைகால்களின் நீளம் மாறியதால், முன்பு எளிதாக இருந்த திருப்பமும் தாவலும் இப்போது தடுமாற்றம் தரும். மேலும், வளரும் எலும்பின் முனைகளில் வளர்தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உள்ளது. எலும்பு நீள்வது இங்குத்தான். முதிர்ந்த எலும்பைக் காட்டிலும் இது மென்மையானது. கடும்விசையை அவ்வளவாகத் தாங்காது.

முழங்காற்சில்லின் கீழிருந்து இறங்கும் தசைநாண், கீழ்க்கால் எலும்பைப் பற்றும் இடமும் வளரும் வயதில் இத்தகைய மென்மையான பகுதியே. ஓட்டமும் தாவலும் திடீரென மிகுந்தால், தசைநாண் அவ்விடத்தை மீண்டும் மீண்டும் இழுக்கிறது. அங்கு நோவும் வீக்கமும் தோன்றுகின்றன. நம் மாணவிக்கு நேர்ந்தது இதுவே. இது பெரும்பாலும் பயிற்சியைக் குறைத்தால் ஆறிவிடும். ஆனால், மறைத்து விளையாடினால் நோவு நீடிக்கும். களத்திலிருந்து விலகியிருக்கும் காலமும் நீளும்.

பாதியில் தொடங்குவோம்

எவ்வாறு திரும்புவது? முதல் விதி எளிது: பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்குக. விளையாட்டு வீரர்களுக்கு உடல்வலிமைப் பயிற்சி அளிப்போரின் அமெரிக்க அமைப்புகள் இரண்டு, 2019இல் இதற்கொரு வழிகாட்டுதலை வெளியிட்டன. அது கல்லூரி வீரர்களுக்காக எழுதப்பட்டது. நீண்ட இடைவெளிக்குப்பின் திரும்புவோர் முதல் வாரத்தில் தம் பழைய பயிற்சி அளவில் 50 விழுக்காட்டையும், இரண்டாம் வாரத்தில் 30 விழுக்காட்டையும், மூன்றாம் வாரத்தில் 20 விழுக்காட்டையும், நான்காம் வாரத்தில் 10 விழுக்காட்டையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். வளரும் வயதினர் இதனைவிட மெதுவாகவும் செல்லலாம், விரைந்து செல்லலாகாது.

விடுமுறைக்குமுன் நாள்தோறும் 2000 மீட்டர் ஓடிய ஒருவர் பின்வருமாறு திரும்பலாம்:

முதல் வாரம்: 1000 மீட்டர்
இரண்டாம் வாரம்: 1400 மீட்டர்
மூன்றாம் வாரம்: 1600 மீட்டர்
நான்காம் வாரம்: 1800 மீட்டர்
ஐந்தாம் வாரம்: 2000 மீட்டர்

தொலைவையும் விரைவையும் ஒரே வாரத்தில் கூட்டுதல் கூடாது. முதலில் தொலைவு, அது பழகியபின் விரைவு. திடீர்த் திருப்பங்களும் தாவல்களும் இறுதியில் வரவேண்டும். கபடி, கோ-கோ, பூப்பந்து, கூடைப்பந்து ஆகியவற்றில் இவை மிகுதி. ஆதலால், அவற்றை விளையாடுவோர் முதல் வாரத்திலேயே முழு ஆட்டம் ஆடாதிருத்தல் நன்று. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுவோர் ஒரு நாளில் வீசும் பந்துகளை எண்ணிக் குறித்து வைத்துச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். ஒரு வாரத்தில் பயிற்சி செய்யும் மணிகள், நம் வயதின் எண்ணிக்கையை மிஞ்சக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் கூறும் எளிய அளவு. 13 வயது மாணவர் வாரத்திற்கு 13 மணிக்குமேல் பயிற்சி செய்யாதிருப்பது நல்லது. பள்ளிப் பயிற்சி, மாலைநேரப் பயிற்சி வகுப்பு, குடியிருப்புத் திடலில் நண்பர்களோடு ஆடும் ஆட்டம் ஆகிய மூன்றையும் கூட்டியே கணக்கிட வேண்டும். மூன்றிடத்திலும் ஓடும் கால்கள் இரண்டே அல்லவா?

உடலை ஆயத்தப்படுத்தும் 20 நிமிடங்கள்

மணி அடித்ததும் நேரே பந்தை நோக்கி ஓடுவது நம் வழக்கம். விளையாட்டு நேரம் குறைவு என்பதால் ஆயத்தப் பயிற்சியை விட்டுவிடுகிறோம். அந்நேரம் வீணாவதில்லை. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபா, காயங்களைத் தவிர்ப்பதற்கென ‘11 பிளஸ்’ என்னும் ஆயத்தப் பயிற்சித் தொகுப்பை உருவாக்கியது. அதனைச் செய்ய ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். 7 வயது முதல் 13 வயது வரையுள்ள சிறுவர்களுக்கென அதில் தனித்தொகுப்பும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் நான்கில் சிறுவர் அணிகளிடையே அதனைச் சோதித்தபோது, அப்பயிற்சியைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

அதன் அமைப்பை ஒட்டி, எவ்விளையாட்டுக்கும் பொருந்துமாறு நாமும் பின்வரும் வரிசையைக் கடைப்பிடிக்கலாம்.

முதலில் மெல்லோட்டம். நேராகவும் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் மெதுவாக ஓடுக. தசைகள் வெப்பமடைந்து நெகிழும். தில்லி போன்ற வடபுல நகரங்களின் குளிர்காலக் காலைகளில் இதற்குக் கூடுதல் நேரம் தேவை.

அடுத்து வலிமையும் சமநிலையும். ஒற்றைக்காலில் நிற்றல், முழங்காலை மடக்கி மெல்ல அமர்ந்தெழுதல், முழங்கையூன்றி உடலை நேராகத் தாங்குதல், மெல்லத் தாவி மென்மையாகத் தரையிறங்குதல் ஆகியவற்றைச் செய்க. தரையிறங்கும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்வளையாமல் பாதங்களுக்கு நேராக இருக்கவேண்டும். ஓசையின்றித் தரையிறங்குபவர் சரியாகத் தரையிறங்குகிறார் எனக் கொள்ளலாம்.

இறுதியில் விரைவோட்டம். குறுந்தொலைவை முக்கால் விரைவில் ஓடி, திசைமாறிப் பழகுக. இதன் பிறகே ஆட்டம். அசையாமல் நின்று தசையை நீட்டிப் பிடிக்கும் பயிற்சிகளை ஆட்டம் முடிந்தபின் செய்துகொள்ளலாம்.

வெப்பம், நீர், உறக்கம்

வட இந்தியாவில் பள்ளிகள் திறக்கும் வேளையில் வெப்பத்தோடு மழைக்காலப் புழுக்கமும் சேர்ந்திருக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. வெப்பத்தில் உழைக்க உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும். ‘நான் தமிழ்நாட்டு வெயிலில் இருந்து வந்தவன்’ என்று கூறுவது பயன்தராது. அங்கு நீங்கள் நிழலில் இருந்தீர்கள். எனவே, முதல் இரு வாரங்கள் காலையிலோ மாலையிலோ பயிற்சி செய்க. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே நீர் அருந்துக. தலைவலி, மயக்கம், குமட்டல், மனக்குழப்பம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி, நிழலுக்குச் சென்று ஆசிரியரிடம் கூறுக.

உடல் தன்னைப் பழுதுபார்ப்பது உறக்கத்தில். 13 வயது முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. அதற்கு இளையோர்க்கு 9 மணிக்குக் குறையாத உறக்கம் தேவை. விடுமுறையில் நள்ளிரவுவரை விழித்திருந்த பழக்கத்தோடு அதிகாலைப் பயிற்சிக்குச் செல்வது, பழுதுபார்க்காத வண்டியை மலைமேல் ஏற்றுவது போன்றது. மேலும், காய்ச்சல் உள்ளபோது கடும்பயிற்சி கூடவே கூடாது.

நோவைச் சொல்லும் சொற்கள்

பயிற்சிக்குப்பின் தோன்றும் நோவு எல்லாம் காயமன்று. நீண்ட இடைவெளிக்குப்பின் ஓடினால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இரு தொடைகளும் சமமாகக் கனத்து நோகும். மெல்ல நடந்தால் தளரும். சில நாள்களில் மறையும். இது தசை பழகுவதன் அடையாளம். ஆனால், ஓரிடத்தில் மட்டும், ஒரு விரலால் சுட்டிக் காட்டுமாறு தோன்றும் நோவு வேறு. வீக்கம், நொண்டுதல், இரவிலும் நீங்காத நோவு, மூட்டு தளர்ந்து மடங்குதல் ஆகியவை இருந்தால் அது காயமாகலாம். அப்போது விளையாட்டை நிறுத்திப் பெரியோரிடம் சொல்ல வேண்டும்.

சொல்வதற்குச் சொற்கள் வேண்டும். ‘வலிக்கிறது’ என்னும் ஒரு சொல் மட்டும் மருத்துவருக்குப் போதாது. நோவின் வகைகளைக் கூறத் தமிழில் நுட்பமான சொற்கள் உண்டு. களைத்த கால்களில் தோன்றுவது உளைச்சல். எலும்பினுள் துளைப்பது போன்றது குடைச்சல். ஊசியால் தைப்பது போன்றது குத்தல். தசை திடீரென இறுகி நீள மறுப்பது பிடிப்பு. மூட்டு பிறழ்ந்து நார் இழுபடுவது சுளுக்கு. உணர்வு மறைவது மரத்துப்போதல். வீங்கிய இடத்தில் நாடியோடு சேர்ந்து துடிப்பது விண்விண்ணெனத் தெறித்தல். உங்கள் பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டால் இன்னும் பல சொற்களைக் கூறுவார். எவ்விடத்தில், எவ்வகை நோவு, எப்போது மிகுகிறது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு உதவியும் விரைந்து கிட்டும்.

காயம் நேர்ந்தால்

ஆட்டத்தை அப்போதே நிறுத்துக. காயமுற்ற உறுப்புக்கு ஓய்வு தருக. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடங்கள் வைக்கலாம். பனிக்கட்டியை நேரே தோலின்மேல் வைத்தலாகாது. காலை உயர்த்தி வைப்பது வீக்கத்தைக் குறைக்கும்.

நம் ஊர்ப்பக்கங்களில் எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பது நெடுநாளைய வழக்கம். அன்போடு செய்யப்படும் அச்செயல், எலும்பு முறிந்திருந்தால் பெருந்தீங்காகிவிடும். சுளுக்கா முறிவா என்பதனை வெளித்தோற்றத்தால் உறுதிசெய்தல் அரிது. ஆகவே, முதல் இரண்டு நாள்களில் உருவிவிடுதலும் வெந்நீர் ஒற்றடமும் வேண்டா. காலை ஊன்றி நான்கடி நடக்க இயலாவிட்டாலும், உறுப்பின் வடிவம் மாறியிருந்தாலும் தாமதமின்றி மருத்துவரிடம் செல்க.

முன்பு காயமடைந்த இடமே மீண்டும் காயமடையும் வாய்ப்பு மிகுதி. நோவு நின்றுவிட்டது என்பதனால் மட்டும் களத்திற்குத் திரும்பலாகாது. வீக்கம் முற்றும் வடிந்து, மூட்டு முழுமையாக மடங்கி நீண்டு, காயமுற்ற காலும் மற்றொரு காலைப் போலவே தத்தித் தாவ இயன்றபின், மருத்துவரின் இசைவோடு திரும்புவதே முறை.

காத்திருந்து வென்றவர்

அரியானா மாநிலத்தின் பானிப்பட் மாவட்டத்தைச் சேர்ந்த ஈட்டியெறி வீரர் நீரஜ் சோப்ரா, 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். மறு ஆண்டு மே மாதத்தில் அவருடைய வலது முழங்கையில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அவ்வாண்டு தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் அவர் பங்கேற்கவில்லை. 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் மீண்டும் போட்டியில் இறங்கி, 87.86 மீட்டர் எறிந்து, ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2021 ஆகஸ்டு 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து, இந்தியாவிற்குத் தடகளத்தில் முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தேடித்தந்தார்.

அவர் கதை அங்கு முடியவில்லை. 2022 ஜூலையில் உலகப் போட்டியில் வெள்ளி வென்றபோது, அவருடைய தொடையிடுக்கில் காயம் ஏற்பட்டது. அடுத்த சில நாள்களில் பர்மிங்காமில் காமன்வெல்த் போட்டி. முந்தைய காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர் அவரே. நாடே அவரை எதிர்நோக்கியிருந்தது. ஆயினும், மருத்துவரின் அறிவுரையை ஏற்று அவர் விலகினார். ஒரு மாத காலத்திற்குப் பின், ஆகஸ்டு 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 89.08 மீட்டர் எறிந்து முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு உலக வாகையரும் ஆனார்.

ஒரு போட்டியை விட்டுக்கொடுத்தது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. ஆனால், அன்று விலகியதால் அவர் பின்வந்த போட்டிகளை இழக்கவில்லை.

வலியறிதல்

நம் மாணவியிடம் திரும்புவோம். எட்டாம் நாள் அவள் நொண்டுவதை உடற்கல்வி ஆசிரியர் கவனித்தார். “என்னம்மா, காலுக்கு என்ன?” என்று கேட்டார். அவள் தலைகுனிந்து, “நான்கு நாள்களாக நோவு, ஐயா. சொன்னால் என்னை எடுக்க மாட்டீர்கள் என்று அஞ்சினேன்” என்றாள். “சொல்லியிருந்தால் நான்கு நாள்களுக்கு முன்பே ஆறத் தொடங்கியிருக்கும் அல்லவா?” என்றார் அவர்.

மருத்துவர் சில வாரங்கள் ஓட்டத்தைக் குறைக்கச் சொன்னார். அணித்தேர்வு நாளில் அவள் ஓடவில்லை. களத்தின் ஓரத்தில் அமர்ந்து நேரம் குறித்தாள். அன்று அவள் அழுதாள் என்பது உண்மை. ஆகஸ்டு இறுதியில் மாற்று வீராங்கனைகளுள் ஒருத்தியாக அவள் அணியில் சேர்ந்தாள். அப்போது அவளுடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு வாரமும் ஓடிய தொலைவு எழுதப்பட்டிருந்தது.

தமிழில் ‘வலி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று வலிமை, மற்றொன்று நோவு. திருக்குறளின் 48ஆம் அதிகாரத்தின் பெயர் ‘வலியறிதல்’. அங்கு அது வலிமையை அறிதலைக் குறிக்கும். விளையாடுவோர்க்கோ இரு பொருளும் வேண்டும். தன் வலிமை எவ்வளவு என்று அறிந்தவர் அளவோடு தொடங்குவார். தன் நோவு எத்தகையது என்று அறிந்தவர் உரிய நேரத்தில் நிறுத்துவார். அவ்வதிகாரத்தை அடுத்து வருவது ‘காலமறிதல்’. தசைநாணுக்கும் எலும்புக்கும் உரிய காலத்தைக் கொடுப்போம். மெல்லத் திரும்புவோம், நெடுங்காலம் விளையாடுவோம்.

சொல்லும் பொருளும்

ஆயத்தம் – முன்னேற்பாடு
பூசல் – சண்டை, பிணக்கு
தசைநாண் – தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான இழை
குருத்தெலும்பு – மென்மையான, வளையும் தன்மையுள்ள எலும்பு
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
ஒற்றடம் – துணியை வெந்நீரில் நனைத்து ஒற்றுதல்
இசைவு – ஒப்புதல்
வாகையர் – வெற்றியாளர்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பயிற்சியை நிறுத்தியதும் முதலில் குறையும் ஆற்றல் எது?
2. தசைநாண் மெல்ல வலுப்பெறுவதற்குக் காரணம் யாது?
3. வளர்தட்டு எங்கு உள்ளது? அதன் பணி யாது?
4. காயம் நேர்ந்த முதல் இரண்டு நாள்களில் செய்யக் கூடாதவை எவை?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. ‘விரையும் மனத்திற்கும் பின்தங்கும் தசைநாணுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் காயங்கள் பிறக்கின்றன.’ இதனை 2011ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குக.
2. மாணவி தன் நோவை மறைத்ததற்கும், நீரஜ் சோப்ரா போட்டியிலிருந்து விலகியதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக. அம்மாணவியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

இ. கணக்கிடுக.
விடுமுறைக்குமுன் நாள்தோறும் 60 பந்துகள் வீசிய மாணவர் ஒருவர், பாடத்தில் கூறிய முறைப்படி திரும்புகிறார். முதல் நான்கு வாரங்களில் அவர் நாள்தோறும் எத்தனை பந்துகள் வீசலாம்?

ஈ. மொழிப்பயிற்சி
1. ‘வலி’ என்னும் சொல்லை இரு பொருளிலும் அமைத்து இரு தொடர்கள் எழுதுக.
2. உளைச்சல், குடைச்சல், பிடிப்பு, சுளுக்கு ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.

உ. செயல்பாடு
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டு, உடல்நோவைக் குறிக்கும் சொற்கள் ஐந்தனைத் தொகுக்க. அவை எந்த ஊரில் வழங்குகின்றன என்பதனையும் குறித்து வகுப்பில் படித்துக் காட்டுக.